ஆற்றில் தண்ணீர் வரும் அந்தச் சில நாட்கள்: செட்டிநாட்டுச் சிற்றாறுகளில் கயாக் இறக்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் ஆறு இருக்கிறதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு, விருசுழியாறு, சருகணியாறு எல்லாமே மழையை மட்டும் நம்பி ஓடுகிறவை. வருஷத்தில் பெரும்பகுதி மணலும் நாணலும் சீமைக்கருவேலமுமாகத்தான் கிடக்கும். (மணிமுத்தாறு என்றதும் திருநெல்வேலி அணையை நினைக்க வேண்டாம், இது நம் சிவகங்கை மாவட்டத்து ஆறு.) ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து, கண்மாய்கள் வரிசையாக நிறைந்து மறுகால் பாயத் தொடங்கிவிட்டால், அதே மணல் தடத்தில் சில நாட்களுக்கு இடுப்பளவு, சில இடத்தில் ஆள் மூழ்கும் அளவு தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போகும். அந்த நாட்களில் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்ப நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான சின்னப் படகு) கற்றது கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரியில், சாலிப்புழையில். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து தென்மேற்குப் பருவமழையில் இறங்கி வரும் ஆறு அது. வழியெல்லாம் பாறை, பாறைக்கு இடையில் சரிவு, வெள்ளை நுரை. பார்த்தாலே பயம் வரும், பயம் வருவதால் கவனமும் வரும். நம் ஊர் ஆற்றைப் பார்த்தால் பயம் வராது. சரிவு குறைவு, பாறையும் குறைவு. நுரைத்து ஓடும் ஆற்றின் கடினத்தை 1 (மிக எளிது) முதல் 6 (மிகக் கடினம்) வரை தரம் பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் நம் ஆறுகள் பெரும்பாலும் 1 அல்லது 2-இல் வரும் என்பது என் மதிப்பீடு. ஆனால் இங்கே ஆளைக் கொல்வது பாறை இல்லை. தடுப்பணை, தரைப்பாலக் குழாய், கண்மாய் மடை, முள்வேலி, ஆற்றுக்குள் காடாக வளர்ந்த கருவேலம், மணல் அள்ளிய குழி. எல்லாம் மனிதன் கட்டியது, வெட்டியது, கொண்டுவந்து வளர்த்தது. இவை எதுவும் தர எண்ணுக்குள் அடங்காது. அதனால் தயாரிப்பை மழைக்காலத்தில் தொடங்கினால் ஏற்கெனவே தாமதம்.

சித்திரையில் ஆற்றுக்குள் நடங்கள்

வருஷம் முழுக்க ஓடும் ஆற்றில் அடித்தரையை யாரும் பார்க்க முடியாது. நமக்கு அந்த வசதி இருக்கிறது. படகில் போக நினைக்கும் நாலைந்து கிலோமீட்டரைச் சித்திரை, வைகாசியில் காலை வெயில் ஏறுவதற்குள் முழுக்க நடந்து பாருங்கள். பாதியில் விட்டுவிட்டு 'மீதியும் இப்படித்தான் இருக்கும்' என்று திரும்பாதீர்கள், விட்ட பாதியில்தான் தடுப்பணை இருக்கும்.

நடக்கும்போது கைபேசி வரைபடத்தில் ஒவ்வொரு ஆபத்தான இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பணைச் சுவர் எவ்வளவு உயரம், அதற்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து பறித்த குழி எவ்வளவு ஆழம், உடைந்த கான்கிரீட்டில் இரும்புக் கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். தரைப்பாலத்துக்கு அடியில் குழாய் எத்தனை, ஆள் நுழையும் அகலம் உண்டா, அதில் ஏற்கெனவே குப்பை அடைத்திருக்கிறதா என்று குனிந்தே பாருங்கள். மணல் அள்ளிய குழிகளையும் குறியுங்கள். வெள்ளத்தில் முழங்கால் ஆழத்தில் நடந்து வருகிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போவது அங்கேதான்.

இன்னொன்று, மரங்களை அண்ணாந்து பாருங்கள். போன வெள்ளத்தில் வந்த சருகும் பாலித்தீன் பையும் கிளைகளில் சிக்கி அப்படியே காய்ந்து தொங்கும். தண்ணீர் எந்த உயரம் வரை வந்து போனது என்று அதைவிடத் தெளிவாகச் சொல்லும் அளவுகோல் எதுவும் கிடையாது. என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் ஒரு சாக்குப் பை கருவேல முள்ளில் கிழிந்து தொங்கியதைப் பார்த்த இடத்தில், நான் நின்றிருந்தது காய்ந்த மணல். அன்றைக்குத்தான் இந்த ஆற்றின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

கரைக்கு மேலேயும் கொஞ்சம் சுற்றுங்கள். வயலுக்கு நடுவே கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய பாசனக் கிணறுகள் இருக்கும். ஆறு கரை மீறி வயலில் பரவும்போது கிணறும் வயலும் ஒரே செந்நீர்ப் பரப்பாகத்தான் தெரியும். படகைத் தோளில் வைத்து வயல் வழியாக நடக்கிறவர் நேராக அதற்குள் இறங்கிவிடுவார். ஒவ்வொரு கிணற்றையும் குறியுங்கள்.

தண்ணீர் எப்படி வருகிறது

முதல் மழைக்கு ஆறு வராது. காய்ந்த மணல் குடிக்கும், கண்மாய்கள் குடிக்கும். நம் ஊர்க் கண்மாய்கள் சங்கிலி போல இணைந்தவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர், அதுவும் நிறைந்தால் அடுத்தது, கடைசியில் ஆறு. அதனால் ஐப்பசித் தொடக்கத்தில் 60 மி.மீ. பெய்தும் ஆற்றில் கணுக்கால் நனையாமல் போகலாம், கார்த்திகைக் கடைசியில் எல்லாக் கண்மாயும் ததும்பி நிற்கும்போது அதே 60 மி.மீ. ஆற்றைக் கரை புரள வைக்கலாம். மழை அளவை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மேலே கண்மாய்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்று முதலில் விசாரியுங்கள்.

கணக்கு இப்படி. 1 சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். 50 சதுர கிலோமீட்டரில் 60 மி.மீ. என்றால் 300 கோடி லிட்டர். குடிப்பதற்கு மணலும் கண்மாயும் இல்லாதபோது அதில் பெரும்பங்கு ஆற்றுக்குத்தான் வரும். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-க்கு மேல் மிகக் கனமழை என்கிறது. கண்மாய் நிறைந்த காலத்தில் கனமழை எச்சரிக்கை வந்தாலே அன்றைக்கும் மறுநாளும் நான் ஆற்றுக்குப் போவதில்லை.

அப்புறம் உடைப்பு. பழைய கரை ஒன்று மேலே எங்காவது உடைந்தால், உங்கள் தலைக்கு மேல் வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறும். ஒரு கார்த்திகையில் நாங்கள் மூன்று பேர் ஒரு வளைவில் படகைக் கரையேற்றிவிட்டுக் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்தோம். அந்தக் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருக்கும் பெரியவர் மண்வெட்டியோடு வந்தவர், எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தார்.

"தம்பி, தண்ணி நெறம் மாறிருச்சுப்பா. மேல எங்கயோ ஒடைஞ்சிருக்கு. மொதல்ல மேட்டுக்கு ஏறுங்க."

"இப்பத்தானேங்கய்யா தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு?"

"அந்தா, சருகும் சுள்ளியும் நடுவுல வருது பாரு. ஏறுற தண்ணிதான் கரையில கெடக்குறதப் பெறக்கிக்கிட்டு நடுவாத்துல வரும்."

ஏறினோம். அரை மணி நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் தொடையளவு தண்ணீர். அவர் சொன்னதை அன்றிலிருந்து நான் விதியாகவே வைத்திருக்கிறேன்: நிறம் திடீரென்று அடர்ந்தால், நடு ஆற்றில் புதுச் சருகும் சுள்ளியும் நுரையும் வந்தால், இரைச்சல் கூடினால், காரணம் தேடாமல் முதலில் கரையேறுங்கள். நின்ற இடத்தில் ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் ஊன்றி வையுங்கள். 15 நிமிஷத்தில் அது நாலு விரல் முழுகினால் அன்றைய பயணம் முடிந்தது.

அன்றைய வேகத்தை அளப்பது

இதற்குக் கருவி வேண்டாம். கரையில் 20 மீட்டர் அளந்து இரண்டு பேர் நில்லுங்கள், மேலே இருப்பவர் ஒரு காய்ந்த தேங்காய் மட்டையை நடு ஆற்றில் போடட்டும், கீழே இருப்பவரைத் தாண்ட எத்தனை விநாடி என்று பாருங்கள். 20 விநாடி என்றால் விநாடிக்கு 1 மீட்டர், 10 விநாடி என்றால் 2 மீட்டர். மேற்பரப்புதான் வேகமாக ஓடும், அதனால் முழு ஆற்றின் சராசரிக்கு 0.85-ஆல் பெருக்க வேண்டும். 12 மீட்டர் அகலம், சராசரி 1 மீட்டர் ஆழம், மட்டை வேகம் 2 மீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 20 கன மீட்டர், அதாவது 700 கன அடிக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு விநாடியும் 20 டன் எடை உங்களைத் தாண்டிப் போகிறது.

வேகம் இரட்டித்தால் தண்ணீரின் தள்ளு விசை நான்கு மடங்கு. எங்காவது சிக்கி நிற்கும் ஒரு மனித உடலின் மேல், அரைச் சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தோராயமாக 25 கிலோ, 2 மீட்டரில் 100 கிலோ, 3 மீட்டரில் 225 கிலோ. 100 கிலோ உங்களை ஒரு மரத்தோடு வைத்து அழுத்தும்போது நீச்சல் தெரியும் என்பது பெரிய உதவி இல்லை.

என் எல்லை இது: புதியவர்களோடு போனால் விநாடிக்கு 1 மீட்டர், அனுபவமுள்ளவர்களோடு 2 மீட்டர். நம் ஆறு குறுகல், வளைவு அதிகம், வளைவுக்கு அப்பால் பெரும்பாலும் 30 மீட்டர்கூடத் தெரியாது. 2 மீட்டர் வேகத்தில் அது 15 விநாடி. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் படகை நிறுத்திக் கரை சேர முடியாது என்றால் அந்த வேகம் உங்களுக்கு அதிகம்.

தடுப்பணை

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பதற்கு இவ்வளவு சாதுவாக இருந்து இவ்வளவு ஆபத்தான இடம் வேறு இல்லை. மேலிருந்து படகில் வருகிறவருக்கு அது ஒரு கோடாகத்தான் தெரியும்: ஆறு அந்த இடத்தில் முடிந்துபோனது போல ஒரு நேர்கோடு, அதற்கு அப்பால் கரையோர மரங்களின் உச்சி மட்டும். சத்தமும் கீழ்ப்பக்கமாகப் போய்விடும், மேலே சரியாகக் கேட்காது.

சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் நேராகத் தரைக்குப் போய் முட்டி, கொஞ்ச தூரம் தள்ளி மேலே கொப்பளித்து எழும். எழுந்த தண்ணீரில் ஒரு பங்கு கீழே போகும், மறுபங்கு மேற்பரப்பில் திரும்பிச் சுவரை நோக்கியே வரும். அந்தக் கொப்பளிக்கும் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்த எதையும் அது விடாது: கட்டையோ தேங்காயோ ஆளோ, சுவருக்கு இழுத்து, அருவியடியில் முக்கி, தூரத்தில் எழுப்பி, மறுபடி இழுக்கும். இயற்கையான ஆற்றுச் சுழலில் எங்காவது ஓர் ஓரம் உடைந்திருக்கும், அதன் வழியாக வெளியே வரலாம். தடுப்பணை ஒரே நேராகக் கட்டியது, இரண்டு பக்கமும் பக்கச் சுவர் வேறு. போதாததற்கு அங்கே தண்ணீர் முழுக்கக் காற்று கலந்த நுரை, லைஃப் ஜாக்கெட்கூட வழக்கம் போல மிதக்க வைக்காது.

ஒரு முழ உயரத் தடுப்பணைதானே என்று நினைக்காதீர்கள். கீழ்ப்பக்கம் தண்ணீர் ஏற ஏற வீழ்ச்சி சின்னதாகத் தெரியும், ஆனால் திரும்பி இழுக்கும் விசை கூடும். நேற்றைக்குத் தாண்டிய இடம் இன்றைக்கு ஒரு சாண் நீர் ஏறியதும் வேறு இடம்.

அதனால் தாண்டுவது கிடையாது. குறைந்தது 100 அடிக்கு மேலேயே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடந்து, கொப்பளிப்பு முடிந்து நன்றாகத் தள்ளி இறக்குங்கள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் யாரும் குதிக்காதீர்கள், கீழிருந்து படகிலும் நெருங்காதீர்கள், திரும்பும் நீர் படகையும் சேர்த்து இழுக்கும். கரையிலிருந்து கயிறு எறிவது ஒன்றுதான் வழி.

தரைப்பாலம், மடை, கலுங்கு

தரைப்பாலத்தில் தண்ணீர் குழாய்க்குள் உறிஞ்சப்படும் நிலை, பாலத்துக்கு மேலேயும் வழியும் நிலை, இரண்டுமே ஆபத்து. குழாய்க்குள் போனவர் நடுவில் அடைத்திருக்கும் குப்பையில் நிற்பார். தடுப்பணைக்குச் சொன்னதேதான்: முன்பே கரையேறுங்கள்.

ஆறு ஒரு கண்மாய்க்குள் போய் விரியும் இடத்தில் எல்லோரும் மூச்சு விட்டு உடம்பைத் தளர்த்துவார்கள். கரையோரம் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நட்டுக் குறுக்குக் கல் போட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் மடை. அதற்கு அடியில் கரையைத் துளைத்துப் போகும் வழி இருக்கிறது. மடை திறந்திருந்தால் மேலே ஒரு சின்னச் சுழி மட்டும் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது, கீழே இழுப்பு முழு வேகத்தில் இருக்கும். படம் எடுக்க அழகான இடம் என்று அந்தத் தூணில் படகைக் கட்டாதீர்கள். கலுங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருந்தால் அது சீப்பு மாதிரி, தண்ணீர் போகும், நீங்கள் போக மாட்டீர்கள்.

ஊருணியில் பயிற்சி எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. பல ஊர்களில் இன்றும் அது குடிக்கிற தண்ணீர். படகை உருட்டி நிமிர்த்தப் பழக நீச்சல் குளம் போதும், அல்லது ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு அமைதியான கண்மாயில், மடை இருக்கும் பக்கம் தவிர்த்துப் பழகுங்கள்.

சீமைக்கருவேலம்

தண்ணீர் உள்ளே புகுந்து போகும், ஆள் போக முடியாது என்கிற எல்லாமே வடிகட்டிதான். ஆற்றுக்குள் நிற்கும் கருவேலம் முள்ளோடு சேர்ந்த வடிகட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வளைவில் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, படகு குறுக்காக ஒரு கருவேலப் புதரில் போய்ப் படிந்தது. மேலிருந்து வரும் தண்ணீர் படகின் விளிம்பில் ஏறத் தொடங்கியது, முள்ளைப் பார்த்த பயத்தில் நான் மரத்தை விட்டு விலகி, தண்ணீர் வரும் பக்கம் சாய்ந்தேன். ஒரு விநாடியில் கவிழ்ந்தது. இடது காலுக்கு மேல் ஒரு கிளை, கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஒரு முள், வாய் நிறையச் சேறு. நண்பர் எறிந்த கயிறு முதல் தடவையே தோளில் வந்து விழுந்ததால் எழுந்து வந்தேன். முள் முறிந்து உள்ளேயே இருந்தது, எட்டு நாள் கை வீங்கிக் கிடந்தது.

செய்திருக்க வேண்டியது இது. மரத்திலோ பாறையிலோ படகு குறுக்காக மோதப் போகிறது என்றால் அதை நோக்கியே சாயுங்கள், கட்டிப்பிடிப்பது போல. தண்ணீருக்குள் விழுந்து மரத்தை நோக்கிப் போகிறீர்கள் என்றால் மல்லாந்து கால் நீட்டி வரக்கூடாது, கால்தான் முதலில் கிளைக்கு அடியில் போகும். குப்புறத் திரும்பி, தலை முன்னால் வர, முழு வேகத்தில் நீந்தி, கிளைமேல் மார்பை ஏற்றி எழும்புங்கள். முள் குத்தும், குத்தட்டும்.

வளைவுகளில் எப்போதும் உள்பக்கமாகப் போங்கள், தண்ணீர் உங்களை வெளிப்பக்கம்தான் தள்ளும், புதரும் அங்கேதான். வெள்ளத்தில் பாம்புகளும் அதே கிளைகளில் ஏறி இருக்கும். நைலான் மீன்வலையும் முள்கம்பியும் கருவேலத்தில் சுற்றிக் கிடப்பது சாதாரணம், அதனால் மார்பில் செருகிய ஒரு சின்னக் கத்தி அவசியம். ஆற்றைக் கடக்கும் மோட்டார் வயர் தாழத் தொங்கினாலோ அறுந்து கிடந்தாலோ அதோடு பயணத்தை நிறுத்திவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியது

அளவு சரியான லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், நாடா கட்டிய காலணி, விசில், கத்தி, 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு அடைத்த எறிபை. காற்றடைத்த படகு வேண்டாம், ஒரு முள்ளுக்குத் தாங்காது. செருப்பும் வேட்டியும் வேண்டாம்.

குறைந்தது மூன்று பேர், ஆளுக்கொரு படகு. கரையில் வண்டியோடு ஒருவர், எந்தப் பாலத்தில் எத்தனை மணிக்கு வருவோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 108, 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 மூன்றும் அவர் கைபேசியில் இருக்கட்டும். ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்று அதிகாரிகள் அறிவித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. உங்களைத் தேட வரும் தீயணைப்பு வீரருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தண்ணீருக்குள்

கீழ்நோக்கிக் குவியும் வழவழப்பான V வடிவம் ஆழமான வழி. கூர்முனை உங்களைப் பார்த்திருக்கும் V என்றால் அந்த முனையில் கல்லோ கட்டையோ உண்டு. தடைக்குப் பின்னால் தண்ணீர் மெதுவாகத் திரும்பி மேல்நோக்கி வரும் இடத்துக்கு எடி என்று பெயர், அதுதான் நீங்கள் நின்று மூச்சு வாங்கும் திண்ணை. ஓர் எடியிலிருந்து அடுத்த எடி கண்ணில் பட்ட பிறகே கிளம்புங்கள்.

துடுப்பை நேராகத் தூக்கினால் வரலாம், தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் நில், விசில் மூன்று முறை என்றால் ஆபத்து. கையை எப்போதும் போக வேண்டிய பக்கமே காட்டுங்கள், ஆபத்து இருக்கும் பக்கம் காட்டாதீர்கள். இரைச்சலில் அதைப் பார்த்து ஒருவர் அங்கேயே போய்விடுவார்.

கவிழ்ந்தால் மல்லாந்து, கால்விரல் தண்ணீருக்கு மேல் தெரிய, கால் முன்னால் போக மிதந்து, கையால் வலித்துக் கரை சேருங்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள். கால் ஒரு கல்லிடுக்கில் சிக்கினால் தண்ணீர் முதுகைத் தள்ளி முகத்தை உள்ளே அமுக்கிவிடும். எறிகயிறு வந்தால் கயிற்றைப் பிடியுங்கள், பையை அல்ல. தோளுக்கு மேல் விட்டு மல்லாந்து கொள்ளுங்கள், கையிலோ இடுப்பிலோ சுற்றவே கூடாது. எறிகிறவரும் உடம்பில் கட்டிக்கொள்ளக் கூடாது.

தண்ணீர் குடித்து மயங்கியவரைத் தோளில் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள், பிறகு மார்பு நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், இரண்டு ஊதல், ஆம்புலன்ஸ் வரும்வரை மாறி மாறி. மூச்சு திரும்பி எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் குளித்து, உடம்பில் முள் ஏதும் தங்கியிருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பாருங்கள். வெள்ள நீரில் எலிக்காய்ச்சல் கிருமி வரும், வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். அடுத்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் மருத்துவரிடம் போய், ஆற்றுத் தண்ணீரில் இறங்கினேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கயிற்றைப் பையிலிருந்து முழுக்க உருவி நிழலில் காயப் போட்டு, காய்ந்ததும் சுருட்டாமல் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து அடையுங்கள். சுருட்டி வைத்த கயிறு எறியும்போது முடிச்சு விழும்.